பெட்டிக்குள் புகுந்த கடல்

கேமராவின் கண்ணாடிக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்தபோது நான் ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி, ஆழத்தில் இருந்தேன். ஒரு பாட்டில் மூடி அளவுத் தண்ணீர்தான். என் மூச்சுக் குமிழ்கள் வழக்கம்போல மேலே போய்க்கொண்டிருந்தன. அவற்றோடு சேராமல், கேமராவை அடைத்திருந்த பெட்டியின் விளிம்பிலிருந்து தனியாக ஒரு சின்னக் குமிழ் கிளம்பி என் முகத்தைத் தாண்டிப் போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். காற்று வெளியே வந்தால் அந்த இடத்துக்குத் தண்ணீர் போகிறது.

நான் கடலுக்கடியில் படமெடுப்பவன். இப்படிச் சொன்னதும் கேட்பவர்கள் பவளப்பாறையையும் வண்ண மீன்களையும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் எடுப்பது கப்பலின் அடிப்பாகம், கப்பல் அணையும் ஜெட்டியின் தூண்கள், துரு, வெல்டிங் விட்டுப்போன இடம். துறைமுகத்திலும் எண்ணூரிலும் முக்குளித்து ஆய்வு செய்யும் ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. எங்கள் கடலில் பெரும்பாலான நாட்கள் நீட்டிய கையின் விரல்கள் தெரியாது. தூணைத் தடவிக்கொண்டே போய், கேமராவை அதன்மேல் ஒட்டினாற்போல் வைத்துப் படமெடுக்க வேண்டும். எடுத்த படங்களை ஓர் அறிக்கையில் ஒட்டி அனுப்புவோம். அதை யாராவது முழுதாகப் பார்த்தார்களா என்று நான் கேட்டதில்லை.

என் அப்பா தெற்கேயிருந்து வந்து வடசென்னை டோல்கேட்டில் மளிகைக் கடை போட்டவர். கடை அண்ணனுக்குப் போனது. மூட்டை தூக்கவும் தராசு பிடிக்கவும் எனக்கு மனசில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அவனோடு மதிய வகுப்பை விட்டுவிட்டுத் திருவொற்றியூர்க் கடலுக்குப் போய்ப் போய்த்தான் நான் நீச்சலுக்குப் பழகினேன். அவன் அவனுடைய அப்பாவோடு படகேறினான், நான் முக்குளிப்பவனானேன். ஐம்பதைத் தாண்டியும் வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வோம். என் வீட்டுக்கு மீன் அவன் படகிலிருந்துதான் வரும். என்னை அவன் மாமு என்பான்.

அந்த வருடம் அவன் மீனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாரைப் பற்றியே பேசினான். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் அவர்கள் பார் என்பார்கள். அவர்கள் குப்பத்துக்கு நேரே இருந்த பாரில் கலவாவும் சங்கராவும் சிங்கி இறாலும் எப்போதும் உண்டு. கரையில் இருந்த ஓர் ஆலை கடலுக்குள் கழிவுக் குழாய் போட்டிருந்தது. அந்தக் குழாய் பாருக்கு முன்னாலேயே எங்கோ இணைப்பு விட்டுப்போய்விட்டது என்று அவன் சொன்னான். வலையில் சேறு ஏறுகிறது, சேற்றில் ஒரு நாற்றம், கையில் பட்டால் அரிப்பு. மனு கொடுத்தார்கள். கரையிலிருந்து பார்த்துவிட்டு, அப்படி எதுவும் தெரியவில்லை என்று பதில் வந்தது. இதற்கிடையில் ஆலையை விரிவாக்கப் போவதாகவும் அதற்காகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்றும் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அவன் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டான்.

"நாங்க பாத்தத சொன்னா கத உடுறோம்ன்றானுங்க மாமு. நீ கீழ போயி ஒரு போட்டோ புட்ச்சிக் குடு. அப்பால அவனுங்க இன்னா சொல்றானுங்கன்னு பாக்கலாம்."

சரி என்றேன். ஆனால் நிறுவனத்தின் கேமராவைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்த ஆலை எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய ஜெட்டித் தூண்களை நானே பலமுறை படமெடுத்திருக்கிறேன். என்னிடம் சொந்தமாக ஒரு கேமரா இருந்தது, பழையது. அதற்கேற்ற அலுமினியப் பெட்டியை வேறொரு முக்குளிப்பவரிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ராமேசுவரம் பக்கம் போய் ஆசைக்குப் படமெடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

தண்ணீர் தெளியக் காத்திருந்தோம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், விடிகாலையில் அவன் போன் செய்தான். கடல் தெளிஞ்சு கீது, உடனே வா என்றான். நான் எழுந்து, பல் துலக்கி, கண்ணாடி முன் தலையைச் சீவிக்கொண்டே பெட்டியை மேசைமேல் திறந்து வைத்தேன். அந்தப் பெட்டிக்கு இரண்டு பாதிகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஓ ரிங் என்போம். முழுக் கடலையும் வெளியே நிறுத்துவது அந்த வளையம்தான். அதில் ஒரு மணல் துகள், ஒரு நூல் இருந்தாலும் போதும், தண்ணீர் புகுந்துவிடும். துடைத்து, கிரீஸ் தடவி, விளக்குக்கு நேரே பிடித்துச் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அன்று துடைத்தேன், கிரீஸும் தடவினேன். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேனா என்பதை இன்றுவரை என்னால் ஞாபகப்படுத்த முடியவில்லை. போன் மறுபடி அடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

படகில் நாங்கள் இருவர்தான். பாருக்கு மேலே நிறுத்தி நங்கூரம் போட்டான். நான் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவன் கேமராவைக் குனிந்து கொடுத்தபோது அலை ஒன்று படகைத் தூக்க, பெட்டி படகின் விளிம்பில் லேசாகத் தட்டியது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒன்றுமில்லை என்று நான் கையைக் காட்டிவிட்டுக் கீழே போனேன்.

அப்படித் தெளிந்த தண்ணீரை அந்தப் பக்கத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு, இட்லி மாவுபோல் வழவழவென்று. சிப்பிகள் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. நண்டு வளைகள் அடைபட்டிருந்தன. ஒரு சிங்கி இறாலின் வெற்று ஓடு பாறை இடுக்கில் செருகிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் குழாய் தெரிந்தது. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் வாய் பிளந்து, அதிலிருந்து சேறு ஊதுபத்திப் புகை மாதிரி சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. நான் எடுத்தேன். பக்கத்திலிருந்து, தள்ளியிருந்து, குழாயும் பாரும் ஒன்றாகத் தெரியும்படி மேலேயிருந்து. வாழ்க்கையில் முதல்முறையாக யாராவது பார்த்தே ஆகவேண்டிய படங்களை எடுக்கிறேன் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் அந்தக் குமிழைப் பார்த்தேன்.

கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். அவசரமாக ஏறக்கூடாது, மெதுவாகத்தான் ஏற வேண்டும். அந்த நேரமெல்லாம் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. படகருகே வந்தபோது லென்ஸ் பாதி மூழ்கியிருந்தது. திரையில் ஏதோ மின்னி மின்னி அணைந்தது.

இன்னா ஆச்சு என்று கேட்டான். நான் படகில் ஏறி, முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினேன்.

"நீதான்டா இடிச்ச. குடுக்கும்போது இடிச்சியே, அதுல வுட்டுப் போச்சு."

"மெதுவாத்தான் பட்டுச்சு மாமு," என்றான்.

"மெதுவாவா? ஒனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி? இது இன்னா ஒன் வலையா, கீஞ்சா தச்சிக்கறதுக்கு?"

நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் வேலையைப் பற்றி, அவன் கையைப் பற்றி. கடல் தண்ணீர் புகுந்த கேமராவில் முதலில் செய்ய வேண்டியது பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றுவது. மின்சாரமும் உப்புத் தண்ணீரும் ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடங்களை அவனைத் திட்டுவதில் செலவழித்தேன். கடைசியில் திறந்தபோது பெட்டியிலிருந்து கடல் என் மடியில் கொட்டியது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்றேன். குடிக்க வைத்திருந்த கேனை அவன் கொண்டுவந்து, நான் போதும் என்று சொல்லும்வரை ஊற்றினான். நான் போதும் என்று சொல்லவில்லை. கேன் காலியாயிற்று. அவன் நங்கூரத்தை இழுத்துப் படகைக் கரைக்குத் திருப்பினான்.

வீட்டில் பிளாஸ்டிக் டப்பில் கேன் தண்ணீரை ஊற்றி அதில் கேமராவைப் போட்டேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். தண்ணீர் புகுந்ததை எதற்கு மறுபடி தண்ணீரில் போடுகிறீர்கள் என்று கேட்டாள். உப்பு போகட்டும் என்றேன். கேமரா போனது போனதுதான், அது எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் படங்கள் இருப்பது கேமராவில் அல்ல, நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அந்தக் கார்டில். கார்டுகள் உப்புத் தண்ணீரையும் தாங்கும். நன்றாகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு நாள். நான் பொறுக்கவில்லை. கழுவித் துடைத்து மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். டீ குடித்தேன். மறுபடி துடைத்தேன். சாயங்காலம் ஆவதற்குள் அவன் இரண்டு முறை போன் செய்துவிட்டான், நான் எடுக்கவில்லை. படங்கள் இருக்கின்றன என்று சொல்லத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஈரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கார்டை லேப்டாப்பில் செருகினேன்.

படங்கள் வந்தன. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக, வரிசையாக. முதல் கட்டத்தில் குழாயின் பிளந்த வாயும் சாம்பல் சுருளும் தெளிவாகத் தெரிந்தன. நான் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் திரை அப்படியே நின்றது. கட்டங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாயின. கார்டை இழுத்தபோது விரலைச் சுட்டது. மறுபடி செருகினேன். ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு கார்டு செருகப்பட்டதாகவே லேப்டாப்புக்குத் தெரியவில்லை.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் காலை யானைக்கவுனிக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில், இரும்புப் படிகள் ஏறிப் போனால், கேமரா பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தவர். கார்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், ஏதோ கருவியில் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஈரத்தோட போட்டீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"சிப்பு எரிஞ்சிடுச்சு சார். ஒரு நாள் பொறுத்திருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்."

கேமராவைத் திறந்து காட்டினார். ஒரே நாளில் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. திருகுகளைச் சுற்றி, கம்பிகளின் முனையில், எங்கும். பிறகு, நான் கேட்காமலேயே, பெட்டியை எடுத்தார். இடி பட்டிருக்கிறது, அதனால்தான் என்று சொன்னேன். அவர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, நெளிவு எதுவுமில்லையே என்றார். விளக்கைக் கிட்டே இழுத்து, ரப்பர் வளையத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். சிறு இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்து, வெள்ளைத்தாள் ஒன்றின்மேல் வைத்தார்.

முடி. வளையத்தின் குறுக்கே கிடந்திருக்கிறது. பெரும்பகுதி கறுப்பு, ஒரு முனையில் மட்டும் கொஞ்ச நீளத்துக்கு வெள்ளை. டை அடிச்ச முடி என்று பாய் சொன்னார். சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தார், உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். நல்ல மனிதர்.

என் நண்பனின் தலை பஞ்சு மாதிரி வெளுத்தது. அவன் ஒருநாளும் டை அடித்ததில்லை.

ராயபுரம் வழியாக பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்தது. அவனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்யவில்லை, படம் எதுவும் தேறவில்லை என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே போங்கள் என்றாள். நாளைக்குக் கூட்டம், அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும், முடியட்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதை அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. நானும் நம்பவில்லை.

வேறொரு கேமரா வாங்கி மறுபடி இறங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று பிற்பகல் கரைக்குப் போய் நின்று பார்த்தேன். காற்று மாறிக் கடல் கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது. அந்தத் தெளிவு ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

கூட்டத்துக்குப் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் அதிகாரிகள், ஓரங்களில் போலீஸ். முன்வரிசையில் ஆலைக்காரர்கள், அவர்களோடு எங்கள் நிறுவனத்து மேலாளர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். குப்பத்துக்காரர்கள் ஒவ்வொருவராக மைக்கில் பேசினார்கள். சிலர் கோபமாக, சிலர் அழுதுகொண்டு. பாரைப் பற்றிப் பேச அவர்கள் அவனைத்தான் வைத்திருந்தார்கள். கீழே நடப்பதைப் படமாகவே காட்டப்போகிறோம் என்று அவன் ஊரில் சொல்லி வைத்திருந்தான்.

அவன் மைக்கைப் பிடித்துக் குழாய் விட்டுப்போயிருப்பதைச் சொன்னான். ஆதாரம் இருக்கிறதா என்று மேடையிலிருந்து கேட்டார்கள். அவன் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான்.

"போட்டோ புட்ச்சோம் சார். என் கைத்தப்பால கேமரா கெட்டுப் போச்சு. குடுக்கும்போது இடிச்சிட்டேன். எட்த்தவரு மேல ஒரு தப்பும் இல்ல. அவராண்டயும் ஊராண்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அவன் இரு கைகளையும் கூப்பியதில் மைக் மார்பில் பட்டு டமாரென்று சத்தம் கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் மேலும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், அதற்குள் நேரம் முடிந்தது என்று மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

கேமரா இல்லாவிட்டால் என்ன, எனக்கு இரண்டு கண்கள் இருந்தன. அந்தப் பந்தலில் குழாயின் பிளந்த வாயைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். எழுந்து, நான் கடலடி ஆய்வு செய்பவன், நேற்று முன்தினம் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் குறிப்பிலாவது ஏறியிருக்கும். மேலாளரின் பிடரி எனக்கு நேரே தெரிந்துகொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. என் பிள்ளைகளின் படிப்பு, வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் மனதில் ஓடியதாகப் பின்னால் மனைவியிடம் சொன்னேன். உண்மையில் எதுவுமே ஓடவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு படம் இருந்திருந்தால் கிடைத்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன், அவ்வளவு பச்சைப்பிள்ளை இல்லை. ஆனால் குப்பத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கையிலிருந்ததைக் கெடுத்தவன் என்று அவன் காதுபடவே சொன்னார்களாம். அவன் பதில் சொல்வதில்லையாம். இதெல்லாம் மீன் விற்க வரும் அவன் மனைவி என் மனைவியிடம் சொன்னவை. சொல்லிவிட்டு, உங்க வூட்டுக்காரருக்கு எவ்ளோ நஷ்டம், பாவம் என்றும் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பார்ப்பக்கம் போவதை எல்லோருமே விட்டுவிட்டார்கள். தூரம் போக அவன் படகுக்கு இன்ஜின் போதாது. விற்றுவிட்டான். கன்டெய்னர் யார்டில் சங்கிலி மாட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தான் என்று தெரிந்தபோது அந்த வருடத்து மழையும் முடிந்திருந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை டோல்கேட்டுக்கு வரச் சொன்னேன். டீக்கடையில் நின்றோம். நான் சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். முடி, பாய், ஈரக்கார்டு, கூட்டத்துக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும் என்பது.

அவன் டீயைக் குடித்து முடித்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"அன்னிக்கே சொல்லிருந்தா, குட்த்த நேரத்துல வேற எதுனா பேசிருப்பேன்," என்றான். "சேத்தப் பத்தி, கை அரிப்பப் பத்தி. எல்லாம் மனசுல வச்சிருந்தேன். மன்னிப்பு கேட்டதுலயே நேரம் பூட்ச்சி."

உன் ஊரில் நானே வந்து சொல்கிறேன் என்றேன். இப்ப சொல்லி இன்னா ஆவப்போது என்றான். இரண்டு டீக்கும் அவனே கொடுத்துவிட்டு பஸ் ஏறினான். சொன்னபடி நான் குப்பத்துக்குப் போய்ச் சொல்லவும் செய்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த நாலைந்து பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், சரி வுடுங்க சார் என்று சொல்லிவிட்டு முடிச்சைத் தொடர்ந்தார்.

போன மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அவனும் அவன் மனைவியும் தட்டோடு வந்தார்கள். நான் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான், விளிம்பில். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை எடுத்து இரு கைகளாலும் என்னிடம் நீட்டினான்.

"குடும்பத்தோட வந்துடுங்க சார்," என்றான்.

சின்ன வயதிலிருந்து அவன் என்னிடம் பேசிய பேச்சில் ஒரு தடவைகூட அந்த 'ங்க' வந்ததில்லை. கோபத்தில் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் சொல்லவில்லை. தெருவில் மற்ற வீடுகளில் எப்படிச் சொன்னானோ அப்படியே சொன்னான். நான் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, கட்டாயம் வருகிறோம் என்றேன். போனோம். முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை கையைக் குலுக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம்.